அறிவுச்செல்வியின் நாலு மணி

எங்கள் ஆஸ்பத்திரியில் எந்தக் கம்ப்யூட்டர் நின்றுபோனாலும் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். அணைத்துவிட்டு மறுபடியும் போடு. பெரிய டாக்டர் முதல் வாசலில் சைக்கிளுக்கு டோக்கன் கொடுக்கிறவர் வரை இந்த வைத்தியத்தில் எல்லோருமே நிபுணர்கள். அதைச் செய்ய மாட்டேன் என்று ஒரு நாள் சாயங்காலம் அடம்பிடித்து உட்கார்ந்துவிட்ட ஒருத்தியைப் பற்றி எழுதப்போகிறேன். படித்தால் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். "ஏண்ணே, ஒங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்பாள். இல்லை. ரிட்டயர் ஆகிவிட்டேன்.

என் பெயர் அருள்நாதன். திண்டுக்கல்லில் கன்னியர்கள் நடத்தும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மருந்து ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். சிஸ்டர்மார்களுக்கு விளம்பரம் பிடிக்காது, எனக்கு அவர்களிடம் திட்டு வாங்கப் பிடிக்காது. இரண்டாயிரத்து ஆறில் ஸ்டோருக்குப் பக்கத்து அறையில் ஒரு மேசையும் இரண்டு கம்ப்யூட்டரும் போட்டு, "இது சிஸ்டம்ஸ் பிரிவு" என்று ஒரு பலகை மாட்டினார்கள். அந்தப் பிரிவின் தலைவி, குமாஸ்தா, எடுபிடி எல்லாமே அறிவுச்செல்விதான்.

அய்யலூர்க்காரி. அப்பா ஆட்டுச் சந்தையில் தரகர். காந்திகிராமத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு நேராக எங்களிடம் வந்தாள். குரல் கொஞ்சம் பெரிது. அவள் போனில் பேசினால் ஸ்டோரில் நான் மாத்திரை எண்ண முடியாது. நாகல் நகர் ஆட்டோக்காரர்கள் அவளிடம் அதிகமாகக் கேட்பதை ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள், "கம்ப்யூட்டர்ல என்னம்மா, டைப் அடிக்கிற வேலையா?" என்று கேட்டதற்கு, "இல்லைங்க, கம்ப்யூட்டருக்கு நர்ஸ் வேலை" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அந்தச் சம்பந்தம் முறிந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. முறித்ததை அவளே என்னிடம் வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னதுதான் ஆச்சரியம்.

அவளை எனக்குப் பிடித்துப்போனது டயாலிசிஸ் பிரிவு விஷயத்தில். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டவர்களுக்கு வாரத்தில் இரண்டு தடவை மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். ஒரு தடவை தப்பினால் உடம்பில் நீர் கோத்துக்கொண்டு மூச்சு வாங்கும். அடுத்ததும் தப்பினால் உயிருக்கே ஆபத்து. எங்களிடம் நாலு மெஷின் இருந்தது. முதலில் வருகிறவர்களுக்கு டோக்கன் என்பதுதான் ஏற்பாடு. டவுன்காரர்கள் விடியும் முன்னே ஆட்டோவில் வந்து டோக்கனை வாங்கிவிடுவார்கள். நத்தம் பக்கத்திலிருந்தும் வேடசந்தூர் பக்கத்திலிருந்தும் முதல் பஸ் பிடித்து வருகிறவர்கள், வந்து பார்த்துவிட்டு வராந்தாவிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

அதை ஒரு வாரம் பார்த்தாள். அவளை யாரும் செய்யச் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் தயிர்ச்சோறும் ஒரு கையில் விசைப்பலகையுமாக, சில மாதத்தில் ஒரு புரோகிராமை எழுதி முடித்தாள். அதற்கு 'முறை' என்று பெயர் வைத்தாள். யாருக்கு என்றைக்கு, எத்தனை மணிக்கு மெஷின் என்பதை முறை சொல்லும். தூரத்து ஆட்களுக்கு அவர்கள் ஊர் பஸ் வந்துசேருகிற நேரத்தைக் கணக்கில் வைத்து இடம் ஒதுக்கும். முதல் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் நர்ஸ் கமர்ஜஹான் அதைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் போன் செய்து சொல்லுவாள். டோக்கன் சண்டை ஒழிந்தது.

முறையால் அதிகம் பிழைத்தவர் இஞ்ஞாசி. அய்யலூரைத் தாண்டி ஒரு காட்டுக்குள் முருங்கை போட்டிருந்தார். மனைவி இறந்து வெகு நாளாயிற்று. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். தோட்டத்து வீட்டில் தனியாள். அவர் மெயின் ரோட்டுக்கு நடந்து வந்து பஸ் ஏறி திண்டுக்கல் சேர எப்படியும் ஒன்பதாகிவிடும். டோக்கன் காலத்தில் அவர் பாதி நாள் வெறுங்கையோடு திரும்பிப் போனவர். முறை வந்த பிறகு அவருக்குப் பத்து மணிக்கு மெஷின் நிச்சயம். அறிவுச்செல்வியைத் 'தாயி' என்றுதான் கூப்பிடுவார். வரும்போதெல்லாம் ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டுவந்து அவள் மேசையில் வைப்பார். அதில் பாதி என் வீட்டுக் குழம்புக்கும் வெஞ்சனத்துக்கும் போகும் என்பது அவருக்குத் தெரியாது.

இரண்டாயிரத்து எட்டில் நிர்வாகம் ஒரு பெரிய சர்வர் வாங்கியது. கணக்கு, மருந்து ஸ்டோர், முறை மூன்றும் அந்த ஒரே பெட்டிக்குள் போக வேண்டும் என்று முடிவு. கோயம்புத்தூரிலிருந்து முத்துக்கிருஷ்ணன் என்று ஒருவர் வந்து அதை அமைத்துக் கொடுத்தார். நல்ல மனிதர், கோபமே வராது. "மூணுக்கும் தனித்தனியா கன்டெய்னர் போட்டிருக்கேனுங்க" என்றார். கன்டெய்னர் என்றதும் எனக்குத் தூத்துக்குடி ரோட்டில் லாரியில் போகும் இரும்புப் பெட்டிதான் ஞாபகம் வந்தது. அறிவுச்செல்வி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அண்ணே, ஒரே கட்டடத்துல தடுப்பு வச்சுத் தனித்தனி வீடு கட்டுன மாதிரி. ஒங்க ஸ்டோர் புரோகிராம் கிறுக்குப் பிடிச்சு ஆடுனாலும் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேக்காது. அம்புட்டுத்தான்."

"என் ஸ்டோர் ஏம்மா கிறுக்குப் பிடிச்சு ஆடணும்?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேண்ணே."

அதே சமயத்தில் இன்னொன்றும் செய்தாள். கமர்ஜஹான் போனில் கத்திக் கத்தித் தொண்டை கட்டியதால், நோயாளிகளுக்கு முறையே மெசேஜ் அனுப்பும்படி மாற்றினாள். சிம் கார்டு போட்ட ஒரு சின்ன மோடத்தை சர்வரோடு இணைத்து, சர்வரோடு சேர்த்து ஏசி அறையில் வைத்துப் பூட்டினார்கள். அந்தக் காலத்து போன்களில் தமிழ் எழுத்து வராது. எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு இங்கிலீஷ் வராது. அதனால் மெசேஜில் தேதியும் மணியும் மட்டும் இருக்கும், வெறும் எண்கள். எண் எல்லோருக்கும் தெரியும்தானே. இப்படியெல்லாம் யோசிக்கிறவளை எனக்கு எப்படிப் பிடிக்காமல் போகும்?

முதல் மாதம் எல்லாம் நன்றாகப் போனது. பிறகு ஒரு நாள் நாலு மணிக்கு மெசேஜ் அனுப்பும்போது முறை அப்படியே நின்றது. நர்ஸ்கள் முன்னால் இருந்த திரையும் உறைந்துபோனது. அணைத்துவிட்டுப் போட்டார்கள், சரியாயிற்று. சில நாள் கழித்து மறுபடி. அப்புறம் வாரத்துக்கு ஒன்று, வாரத்துக்கு இரண்டு என்று அதிகமானது. எப்போதும் அந்த நாலு மணிக்குத்தான். முறை தான் செய்வதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டே போகும். அதைப் பார்த்தால், அனுப்பினேன், அனுப்பினேன், அனுப்பினேன் என்று இருக்கும். அதோடு சரி. ஏன் நின்றேன் என்று ஒரு வார்த்தை இருக்காது.

அணைத்துப் போடுவதில் ஒரு வில்லங்கம் இருந்தது. நின்ற இடத்தில் யாருக்கு மெசேஜ் போய்க்கொண்டிருந்ததோ அவரை முறை மறந்துவிடும். அப்படி ஒரு நாள் மறந்துபோனது இஞ்ஞாசியை. மெசேஜ் வரவில்லை என்பதால் அவர் வரவில்லை. நாங்களும் வேலை நெருக்கடியில் கவனிக்கவில்லை. அடுத்த நாளும் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூச்சு முட்டி, கால் இரண்டும் வீங்கி, பஸ்ஸில் யாரோ தாங்கிப்பிடித்துக்கொண்டு வந்து இறக்கினார்கள். "மெசேஜ் வரலையே தாயி. மெஷின் ரிப்பேருன்னு நெனச்சேன்" என்றார், அதுவும் மூன்று மூச்சில்.

நிர்வாகி சிஸ்டர் ஏஞ்சலின் மறுநாள் எங்களைக் கூப்பிட்டார். கண்டிப்பானவர், ஆனால் நியாயம் தெரிந்தவர். "மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன் அறிவு. சரியாகலைன்னா கம்ப்யூட்டர் வேண்டாம். பழைய மாதிரி டோக்கனே போட்டுருவோம். டோக்கன் யாரையும் மறக்காதுல்ல" என்றார். டோக்கன் மறக்காதுதான். ஆனால் டோக்கன் வந்தால் இஞ்ஞாசியின் ஒன்பது மணி பஸ்ஸுக்கு மெஷின் கிடைக்காது. அது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். மாசக் கடைசிக்கு அதிக நாள் இல்லை.

வெளியே வந்ததும் அவள் சொன்னாள், "அண்ணே, சந்தையில பல்லைப் பாக்காம ஆடு வாங்குவாகளா? வாயைத் தொறந்து பாக்கணும். இது நிக்கிற நேரத்துல உள்ள என்ன நடக்குதுன்னு நான் பாக்கணும். அணைச்சுப் போட்டா எல்லாம் அழிஞ்சுரும்."

பார்ப்பதற்கு ஒரு கருவி இருக்கிறதாம். முறையை அவள் ஜாவாவில் எழுதியிருந்தாள். ஜாவாவோடு இலவசமாகவே வருகிற ஒரு கண்காணிப்புக் கருவி அது. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமோடு அதை இணைத்துவிட்டால், உள்ளே எத்தனை வேலை நடக்கிறது, எது எங்கே காத்துக்கொண்டு நிற்கிறது என்றெல்லாம் படம் போட்டுக் காட்டும். பழைய கம்ப்யூட்டரில், கருவியும் முறையும் ஒரே இடத்தில் இருந்தபோது, அவள் அதைச் சுலபமாக இணைத்திருக்கிறாள். இப்போது முறை கன்டெய்னருக்குள். கருவி வெளியே, அவள் மேசையில். நடுவில் முத்துக்கிருஷ்ணன் கட்டிய சுவர்.

சர்வரின் முகவரியைக் கொடுத்தாள், இணைக்க முடியவில்லை என்றது. கோயம்புத்தூருக்குப் போன் போட்டாள். முத்துக்கிருஷ்ணன் சுவரில் ஒரு கதவைத் திறந்துவிட்டார்.

"தொறந்தாச்சுங்க. இப்பப் பாருங்க."

"வரலையே சார்."

"வரோணுமேங்க. கதவு தொறந்துதானுங்க இருக்குது."

அது நிஜம்தான். கருவி கதவைத் தட்டுகிறது, உள்ளேயிருந்து பதிலும் வருகிறது, ஆனால் அடுத்த நொடியே முடியவில்லை என்கிறது. இரண்டு நாள் இப்படியே போனது. எனக்கு அந்தக் கருவி மேல் கோபமே வந்துவிட்டது. போய் எட்டிப்பார்க்கிற வேலைக்கு இம்புட்டு பிகுவா? அவளுக்குக் கோபம் வரவில்லை. கருவி என்ன சொல்லி மறுக்கிறது என்பதை விரிவாகச் சொல்ல வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். படித்துக்கொண்டே வந்தவள் பெரிதாகச் சிரித்தாள். நான் மாத்திரை எண்ணிக்கையை விட்டுவிட்டேன்.

"அண்ணே, இங்க வாங்க. வெளியூர்க்காரன் ஒருத்தன் ஒங்களுக்குப் போன் பண்ணி வீடு எங்கன்னு கேக்குறான். நீங்க 'இந்தா, என் வீட்லதான் இருக்கேன், வீட்டுக்கு வா'ன்னு சொல்றீங்க. ஊரு தெரு ஒண்ணுமே சொல்லல. அவன் எங்க போவான்?"

"எங்க போவான்? அவன் வீட்டுக்குத்தான் போவான்."

"அதேதான். நம்ம முறை உள்ள இருந்துக்கிட்டு 'நான் என் வீட்ல இருக்கேன், வா'ன்னு சொல்லுது. இந்தக் கருவி அதை நம்பி, என் கம்ப்யூட்டர் கதவையே வந்து தட்டிக்கிட்டு இருக்கு!"

அதாவது, கன்டெய்னருக்குள் இருக்கிற முறைக்கு வெளி உலகத்தில் தன் முகவரி என்ன என்று தெரியாது. எந்தக் கம்ப்யூட்டரும் தன்னைத்தானே குறிப்பிட வைத்திருக்கும் உள்வீட்டு எண்ணைத்தான் அதுவும் கொடுத்திருக்கிறது. 'யாராவது கேட்டால் இந்த வெளி முகவரியைச் சொல்' என்று முறை கிளம்பும்போதே சொல்லிக்கொடுக்க ஒரு வரி போதுமாம். அந்த வரியைச் சேர்த்தாள். அப்படியும் வரவில்லை. முதல் கதவில் நலம் விசாரித்துவிட்டு, பேச்சுக்கு வேறொரு கதவுக்கு வரச் சொல்வது அதன் பழக்கம். அந்த இரண்டாவது கதவின் எண்ணை முறை ஒவ்வொரு தடவையும் தன் இஷ்டத்துக்கு மாற்றுகிறது. எந்த எண் என்று தெரியாமல் முத்துக்கிருஷ்ணன் எதைத் திறப்பார்? அதை ஒரே எண்ணில் நிறுத்தி வைப்பதற்கு அவள் தனியாகக் கொஞ்சம் எழுத வேண்டியிருந்தது. எழுதி முடித்து எண்ணைச் சொன்னாள். அவர் திறந்தார்.

திரையில் பச்சைக் கோடு ஒன்று ஏறி இறங்க ஆரம்பித்தது. முறையின் மூச்சு மாதிரி இருந்தது பார்ப்பதற்கு. போனை ஸ்பீக்கரில் போட்டு, "சார், வந்துருச்சு சார்!" என்று கத்தினாள். "ரொம்ப சந்தோசமுங்க" என்றார் அவர், ஏதோ கல்யாணச் சேதி கேட்ட மாதிரி.

இனி முறை நின்றுபோக வேண்டியதுதான் பாக்கி. ரிப்பேருக்குக் கொண்டுபோன வண்டி மெக்கானிக் முன்னால் ஒழுங்காக ஓடுமே, அதே கதைதான். நாலு மணி வரும், முறை சமர்த்தாக எல்லோருக்கும் மெசேஜ் அனுப்பிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். "இன்னைக்காச்சும் நில்லேன்" என்று அறிவுச்செல்வி அதனிடம் கெஞ்சினாள். கமர்ஜஹான் தொழுகையில் துஆ செய்வதாகச் சொன்னாள். நின்றுபோக வேண்டும் என்று ஒரு ஆஸ்பத்திரியே வேண்டிக்கொண்டது அந்த வாரம்தான்.

நின்றது. மாசக் கடைசி நெருங்கிய ஒரு புதன்கிழமை. பாதிப் பேருக்கு மெசேஜ் போயிருந்தது, நர்ஸ்கள் திரை உறைந்தது. சிஸ்டர் ஏஞ்சலின் எங்கள் அறைக்கே வந்துவிட்டார்.

"அணைச்சுப் போடு அறிவு. மத்தவங்களுக்கு மெசேஜ் போகணும்."

"மாட்டேன் சிஸ்டர்."

சிஸ்டரிடம் 'மாட்டேன்' என்று சொன்னவர்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதற்குப் பின்னும் இல்லை. அவர் முகம் சிவந்தது.

"போன தடவை இஞ்ஞாசிக்கு என்ன ஆச்சுன்னு மறந்து போச்சா?"

"மறக்கல சிஸ்டர். அதனாலதான் மாட்டேங்கிறேன்." குரல் உடைந்தது, ஆனால் எழுந்திருக்கவில்லை. "இப்ப அணைச்சா நாளைக்கு வேற யாராச்சும் மூச்சு முட்டி வருவாக. செத்த நேரம் குடுங்க. நர்ஸ் அக்காவும் அண்ணனும் எல்லாருக்கும் போன்ல சொல்லிரட்டும். ஒருத்தரையும் விட வேணாம். நான் அதுக்குள்ள பாத்துர்றேன்."

சிஸ்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். அதற்கு அனுமதி என்று அர்த்தம்.

கமர்ஜஹான் பாதிப் பேரை எடுத்துக்கொண்டாள், நான் பாதி. இந்தப் பக்கம் அறிவுச்செல்வி திரையைப் பார்த்துத் தனக்குத்தானே சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். எல்லா வேலையும் வரிசையில் நிற்கிறது, எல்லாம் ஒரே ஒரு வேலை முடிவதற்காகக் காத்திருக்கிறது, அந்த ஒரு வேலை மோடத்தின் பதிலுக்காகக் காத்திருக்கிறது. "மோடத்துக்கிட்ட ஏதோ கேட்டுட்டு வாயைப் பாத்துக்கிட்டு நிக்குது. அது ஏன் பதில் சொல்லல?" அங்கே வந்து முட்டிக்கொண்டு நின்றது விஷயம்.

நான் இஞ்ஞாசிக்குப் போன் போட்டேன். "நாளைக்குப் பத்து மணிக்குண்ணே. மெசேஜ் வந்துச்சா?"

"வந்துச்சே. பாத்தேனே. பாத்ததும் மிஸ்டு கால் குடுத்தேனே, தெரியலையா?"

"எங்க குடுத்தீங்க?"

"மெசேஜ் வந்த நம்பருக்குத்தான். எப்பவும் குடுக்குறதுதான. நீங்க அனுப்பீட்டு, கெழவன் பாத்தானோ இல்லையோன்னு நெனச்சுக்கிட்டு இருப்பீகள்ல? இப்ப எல்லாருமே குடுக்குறாக. நான்தான் சொல்லிக் குடுத்தேன். பெஞ்சுல ஒக்காந்திருக்கப்ப எல்லார்கிட்டயும் சொல்லுவேன். மெசேஜ் வந்தா ஒரு மிஸ்டு கால் குடுத்துருங்கப்பா, பாவம் அந்தப் புள்ள எதிர்பாத்துக்கிட்டு இருக்கும்னு."

நான் இதை ஒரு வேடிக்கை என்றுதான் திரும்பி அவர்களிடம் சொன்னேன். அறிவுச்செல்வி நாற்காலி கீழே விழும்படி எழுந்தாள்.

மிஸ்டு கால் என்றால் அப்போது எங்கள் ஊரில் அதற்கு ஒரு முழு மொழியே இருந்தது. ஒரு தடவை அடித்து வைத்தால் 'வந்து சேர்ந்துவிட்டேன்', இரண்டு தடவை அடித்தால் 'நீ கூப்பிடு'. சேதி கிடைத்தும் ஒரு மிஸ்டு கால் கொடுக்காமல் இருப்பது மரியாதைக் குறைவு. ஆனால் பூட்டிய ஏசி அறைக்குள் இருக்கும் மோடத்துக்கு மணி கிடையாது, ஒரு சின்ன விளக்கு மட்டும்தான். மோடத்துக்கு மரியாதைக்காரர்கள் அழைப்பது உலகத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

சிஸ்டரிடம் சாவி வாங்கி ஏசி அறையைத் திறந்து, மாற்றுக்கு என்று வைத்திருந்த இன்னொரு மோடத்தை எடுத்துவந்தாள். முறை நின்றது நின்றபடியே இருக்க, தன் மேசைக் கம்ப்யூட்டரில் அதை மாட்டி, அதே புரோகிராமின் பிரதியை ஓட்டினாள். "அண்ணே, இது மெசேஜ் அனுப்புறப்ப நான் சொன்னதும் இந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க" என்றாள். கொடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி கொடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது தடவை, மெசேஜைக் கையில் வாங்கிக்கொள் என்று புரோகிராம் மோடத்திடம் சொல்லிவிட்டுப் பதிலுக்கு நிற்கிற அதே நொடியில் என் அழைப்பு போய் விழுந்தது. 'சரி' என்று சொல்ல வேண்டிய மோடம் 'மணி அடிக்கிறது' என்றது. புரோகிராமுக்கு அந்த வார்த்தை தெரியாது. இன்னும் 'சரி' வரவில்லையே என்று நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது.

எல்லாம் விளங்கிவிட்டது. மிஸ்டு கால் கொடுக்கிறவர்கள் கூடக் கூட, முறை நிற்பதும் கூடியிருக்கிறது. இஞ்ஞாசி தன் தாயி மேல் வைத்த பிரியத்தில் பெஞ்சு பெஞ்சாகப் பிரசாரம் செய்து, கடைசியில் தன் மெசேஜையே தடுத்திருக்கிறார். அறிவுச்செல்வி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, இரண்டும் இருந்தது.

"இனிமே யாரும் மிஸ்டு கால் குடுக்கக் கூடாதுன்னு ஒரு போர்டு எழுதி ஒட்டிருவோம்" என்றார் சிஸ்டர். நானும் அதைத்தான் நினைத்தேன். வேறு யாராக இருந்தாலும் போர்டு எழுதியிருப்பார்கள்.

"வேணாம் சிஸ்டர்" என்றாள் அவள். "நாம கேக்காமலே அவுக பதில் சொல்லியிருக்காக. இம்புட்டு நாளா நாமதான் கேக்கல."

ஓரிரண்டு நாளில் முறையை மாற்றினாள். மோடம் பதில் சொல்லாவிட்டால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி கேட்கும். 'மணி அடிக்கிறது' என்ற வார்த்தையும் இப்போது அதற்குத் தெரியும். அது மட்டுமில்லை, அடித்தது யார் எண் என்று பார்த்து, அந்தப் பெயரைத் திரையில் பச்சையாக்கிவிடும். மெசேஜ் போனவர்கள் எல்லோரும் மஞ்சளில் இருப்பார்கள், மிஸ்டு கால் வர வர ஒவ்வொரு பெயராகப் பச்சையாகும். நாளைக்கு யார் வருகிறார்கள் என்று முதல் நாளே தெரிந்துவிடும். சிஸ்டர் ஏஞ்சலின் மாசக் கடைசியில் டோக்கனைப் பற்றிப் பேசவே இல்லை. அவர் பாராட்டுவது அப்படித்தான். இஞ்ஞாசியிடம் யாரும் நடந்ததைச் சொல்லக் கூடாது என்று அறிவுச்செல்வி எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "நீங்க சொல்லிக் குடுத்த மிஸ்டு காலாலதான் யாரு வாராகன்னு தெரியுது" என்று மட்டும் அவரிடம் சொன்னாள். கிழவருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் நாலு மணிக்கு மெசேஜ் போனது, எல்லாப் பெயரும் பச்சையாயின. இஞ்ஞாசி மட்டும் மஞ்சள்.

"மழையில டவர் இருக்காது" என்றேன் நான். "சார்ஜ் தீந்திருக்கும்" என்றாள் கமர்ஜஹான்.

அறிவுச்செல்வி அவர் எண்ணுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள்.

"மணி அடிக்குதுண்ணே. டவரும் இருக்கு, சார்ஜும் இருக்கு. கதவு வரைக்கும் போகுது, உள்ள இருந்துதான் பதில் இல்ல" என்றாள். முகம் வெளிறிப்போயிருந்தது. உடனே அய்யலூரில் இருந்த தன் அப்பாவைக் கூப்பிட்டாள். "அப்பா, எதுவும் கேக்காத. இஞ்ஞாசி தாத்தா தோட்டத்துக்கு இப்பவே போ."

ஆட்டுத் தரகர் மழையில் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். இஞ்ஞாசி கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்தார். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. போன் கட்டிலின் மேல், கை எட்டாத தூரத்தில். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல், சந்தைக்கு ஆடு ஏற்றிப் போகும் குட்டியானை வண்டியில் சாக்கை விரித்துப் படுக்கவைத்துத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்தார்கள். சிஸ்டர் ஒரு மெஷினைக் காலியாக வைத்து வாசலிலேயே நின்றார். ஆட்டுப் புழுக்கை ஒட்டிய வேட்டியோடு இறக்கினோம். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார்.

மறுநாள் கண் விழித்தார். பக்கத்தில் அறிவுச்செல்வி நின்றாள்.

"நான் ஒனக்கு மிஸ்டு கால் குடுக்கவே இல்லையே தாயி" என்றார் மெதுவாக. "அப்பறம் எப்பிடித் தெரிஞ்சுச்சு?"

"குடுக்கலைன்னுதான் தெரிஞ்சுச்சு" என்று சொல்லிவிட்டு, ஏதோ வேலை இருப்பவள் போல விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள். அவள் கண்ணைத் துடைத்ததை நான் பார்க்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த தடவை அவருக்கு மெஷின் இருந்ததற்கு முதல் நாள், வழக்கம்போல நாலு மணிக்கு மெசேஜ் போனது. அவர் ஆஸ்பத்திரியிலேயேதான் இருந்தார், எங்கள் அறையிலிருந்து இரண்டு வார்டு தள்ளி. முறைக்கு அது தெரியாது, அவருக்கும் அனுப்பிவிட்டது. நாங்கள் நாலு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பச்சையான முதல் பெயர் இஞ்ஞாசி.

"இங்கதான படுத்திருக்கார், இது எதுக்கு?" என்றார் சிஸ்டர் ஏஞ்சலின்.

அறிவுச்செல்வி தன் பெரிய குரலில், வார்டு வரைக்கும் கேட்கிற மாதிரி, "பாத்துட்டேன் தாத்தா!" என்றாள்.